நூற்று அறுபது வீட்டுப் பிடியரிசி

சேகரத் தலைவர் ஐயா அவர்களுக்கும், சேகரக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமாருக்கும், சபையார் எல்லாருக்கும் கிழக்குத் தெருப் பிள்ளை எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவிப்போடு அறிவிப்பாக என்னைப் பற்றியும் ஒரு வரி வாசித்தார்கள். ஒரு வருட ஊழியத்துக்குப் போகும் நம் சபை மகளின் முழுச் செலவையும் மும்பையில் இருக்கும் நம் ஊர் அன்பர் ஒருவர் ஏற்றுக்கொண்டார், ஆகவே தனிக் காணிக்கை எடுக்கத் தேவையில்லை என்று. அதற்கு அடுத்த அறிவிப்பு, சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு விறகு சேர்ப்பது பற்றி. பெஞ்சில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்ததும் நாலு பேர் கையைப் பிடித்து, "உன் பாரம் இறங்கிட்டு பாத்தியா" என்றார்கள்.

இறங்கவில்லை. அதனால்தான் இந்த மடல். கமிட்டிக்குத் தனியாக எழுதி உறையில் போட்டுக் கொடுத்திருக்கலாம். மூன்று மாதத்துக்கு முன் கொடுத்த விண்ணப்பம் அப்படித்தான் போனது. அதில் நான் கேட்டது என்ன என்று சபையில் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே இந்த முறை எல்லாருக்கும் தெரியும்படி எழுதுகிறேன். பெரியவர்கள் இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் கேட்டது இதுதான். சத்தீஸ்கரில் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக ஒரு வருடம் சம்பளமில்லாமல் வேலை பார்க்கப் போகிறேன். சபை என்னை அனுப்ப வேண்டும். செலவைச் சபை வீடு வீடாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. பொதுவில் போட வேண்டாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் காலம் அப்படி இருக்கிறது. அவர்கள் கொடுத்த கடிதம் கமிட்டியிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம்.

ஏன் தொழுநோய் என்று அம்மாவே கேட்டார்கள். கல்லூரியின் கடைசி ஆறு மாதப் பயிற்சியில் இரண்டு வாரம் வேலூர் பக்கத்தில் கரிகிரிக்கு அனுப்பினார்கள். போகும்போது எனக்கும் பயம்தான். பஸ்ஸில் கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கக்கூட யோசித்தேன் என்று சொன்னால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அங்கே ஒருவர் இருந்தார், நாற்பது வயது, கட்டட வேலை. வலது கை விரல்கள் பருந்து நகம் மாதிரி உள்ளே வளைந்து நின்றன. நோய் முழங்கை நரம்பைத் தாக்கினால் அப்படி ஆகும். மருந்து சாப்பிட்டு நோய் குணமாகி வருடங்கள் ஆகிவிட்டன. கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. எட்டு வருடமாக ஸ்பூனில்தான் சாப்பிடுகிறார். வீட்டுக் கல்யாணங்களுக்குப் போவதில்லை, பந்தியில் உட்கார வேண்டுமே என்று.

அந்தக் கைக்கு ஒரு ஆபரேஷன் இருக்கிறது. நடுவிரலை மடக்குவதற்கு நமக்கு இரண்டு தசைநார் உண்டு. அதில் ஒன்றை எடுத்து, நாலாகக் கீறி, நாலு விரலுக்கும் தைத்துவிடுவார்கள். மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்றைக்குத்தான் எங்கள் வேலையே ஆரம்பம். இவ்வளவு காலம் நடுவிரலை மடக்கிக்கொண்டிருந்த தசைக்கு, இனி உன் வேலை அது இல்லை, விரல்களை நீட்டி வைத்தபடி அடி மூட்டில் மடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். சோற்றை அள்ளப் போகும்போது நம் கை நிற்குமே, அந்த நிலை. தசைக்குக் காது இல்லை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பிடித்து, "இங்கே, இங்கே" என்று தொட்டுத் தொட்டுக் காட்ட வேண்டும். நாலு வாரம் ஆகும். ஆபரேஷனுக்கு முன்னும் மெழுகு ஒத்தடம், எண்ணெய், பயிற்சி என்று சில வாரம் விரலை இளக்க வேண்டும். விறைத்த விரலில் எந்த டாக்டர் தைத்தாலும் பிரயோசனம் இல்லை.

நான் இருந்தபோது அவருக்கு அந்த நாலாவது வாரம். ஒரு மத்தியானம் கேண்டீனில் ஸ்பூனை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுத் தயிர்சோற்றில் கை வைத்தார். பாதி விரலிடுக்கில் வழிந்தது. வழிந்ததை நக்கினார். அடுத்த பிடி கொஞ்சம் சரியாக வந்தது. எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, தட்டு காலியாகும்வரை. நான்கரை வருடம் படித்ததில் எனக்கு என் படிப்பின் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

இந்த வைத்தியத்துக்கு வழி திறந்தவர் நம் பக்கத்தில் பிறந்தவர்தான் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயில் விரல் அழுகி விழுகிறது என்று டாக்டர்களே நம்பிக்கொண்டிருந்த காலம். அவர் உட்கார்ந்து கவனித்தார். விரல் தானாக விழுவதில்லை. உணர்ச்சி இல்லாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், ஆணியை மிதிக்கிறார்கள், புண்ணோடு நடக்கிறார்கள், அதனால் தேய்ந்து போகிறது என்று கண்டுபிடித்தார். ராத்திரியில் எலி கடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். அதனால் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும்போது கூடவே ஒரு பூனையையும் கொடுத்துவிட்டாராம். வைத்தியம் என்றால் எனக்கு இப்போதெல்லாம் அந்தப் பூனைதான் ஞாபகம் வருகிறது.

"அந்த நோய்தான் ஒழிஞ்சு போச்சே" என்று கமிட்டியில் ஒரு அண்ணாச்சி சொன்னார். 2005 டிசம்பரோடு அந்த நிலையை எட்டிவிட்டதாக அரசும் அறிவித்தது: பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழே வந்துவிட்டது, இனி இது பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று. கணக்கு சரி. ஆனால் நாடு பெரிசு. இன்றைக்கும் இந்தியாவில் வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். உலகம் முழுக்க வருகிற புது நோயாளிகளில் பாதிக்கு மேல் நம் நாட்டில்தான். அதிலும் சத்தீஸ்கர், பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா பக்கம் அதிகம். ஒழிந்துவிட்டது என்று சொன்ன பிறகு ஒழிந்தது அந்த வேலைக்கு வரும் ஆட்கள். கூட்டு மருந்து இலவசம். ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் நோய் போய்விடும். மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றாது. நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி உடம்பிலேயே இருக்கிறது. இதை அம்மாவுக்காக எழுதுகிறேன். வாயால் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள், அச்சில் வந்தால் நம்புவார்கள்.

இங்கே ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் பிரசங்கங்களில் இன்னும் "குஷ்டரோகம்" பாவத்துக்கு உவமையாகத்தான் வருகிறது. ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் மட்டும் மூன்று தடவை கேட்டேன். கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டத்தில் தொழுநோய் ஒரு காரணமாக இருந்தது. 2019-இல் பார்லிமெண்டே அதை எடுத்துவிட்டது. பிரசங்க பீடத்திலிருந்தும் எடுத்துவிடலாம்.

இனி கணக்கு. அங்கே அறை கொடுப்பார்கள். சம்பளம் கிடையாது. மெஸ்ஸுக்கு மாதம் 3,600. போன், சோப்பு, பஸ், கைச்செலவு 1,400. என் கல்விக் கடனின் மாதத் தவணை 5,200. ஆக மாதம் 10,200, வருடத்துக்கு 1,22,400. போகவர ரயில், கம்பளி, ஸ்வெட்டர், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து 7,600. மொத்தம் 1,30,000. திருநெல்வேலி கிளினிக்கில் மாதம் 14,000 சம்பளத்தில் நான் மிச்சம் பிடித்தது 34,000. அதை முதலில் போடுகிறேன். மீதி 96,000. நம் சபையில் 160 குடும்பம். ஒரு வீட்டுக்கு வருடம் 600, மாதம் 50 ரூபாய்.

கடன் தவணையை ஏன் சபை கட்ட வேண்டும் என்பது நியாயமான கேள்வி. கமிட்டியில் அதைக் கேட்டவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. கேட்காமல் முணுமுணுத்தவர்கள் மேல்தான் வருத்தம். வங்கியில் விசாரித்தேன். ஒரு வருடம் தள்ளிப்போடலாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்றார்கள். அப்பா கட்டுகிறேன் என்றார். பனை ஏறுகிறவர் வருமானம் உங்களுக்குத் தெரியும்: பதநீர் காலம் முடிந்தால் கருப்பட்டி விற்ற காசு எத்தனை மாதம் வரும்? சம்பளத்தை விட்டுவிட்டுப் போகிறவள் கடனையும் வீட்டின் தலையில் வைத்துவிட்டுப் போனால் அது ஊழியமா என்று எனக்கே தெரியவில்லை. அதனால் மறைக்காமல் கேட்டேன். தவணை வேண்டாம், சாப்பாட்டுக்கும் வழிச்செலவுக்கும் மட்டும் சபை கொடுக்கட்டும் என்று நீங்கள் தீர்மானித்தால் தேவை 33,600 தான். வீட்டுக்கு வருடம் 210 ரூபாய். தவணைக்கு நான் வேறு வழி பார்க்கிறேன், தள்ளிப்போட்டாவது. ஆனால் அந்தத் தீர்மானத்தைச் சபை எடுக்கட்டும்.

மருத்துவமனையே சம்பளம் கொடுக்கக் கூடாதா என்றும் கேட்டார்கள். முன்பு வெளிநாட்டுச் சபைகளின் பணம் வந்தது. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பணம் வாங்கும் அமைப்பு இன்னொரு அமைப்புக்கு அதைக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கு நூற்றுக்கு ஐம்பது வரை எடுக்கலாம் என்று இருந்ததை இருபது ஆக்கிவிட்டார்கள். பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவந்த வழி அடைபட்டது. சட்டம் சரியா தவறா என்று வாதாட எனக்குப் படிப்பு போதாது. நம் ஊர்க் காசில் நடக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது மட்டும் தெரிகிறது.

நம் ஊர்க் காசு என்றால் நமக்குப் புதுசா? 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது அதுதானே பேச்சு: இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம். அதற்கு முன்னின்றவர்களில் ஒருவரான அசரியா, பிற்பாடு 1912-இல் பேராயர் ஆனவர், நமக்கு அடுத்தாற்போல் இருக்கும் வெள்ளாளன்விளைக்காரர். அவருக்கு அந்த எண்ணம் வந்ததே 1902-இல் யாழ்ப்பாணம் போனபோதுதான் என்பார்கள். அங்கே தமிழ்ச் சபையார், வெள்ளைக்காரர் கையைப் பார்க்காமல், தாங்களே காசு சேர்த்து ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தார் செய்கிறார்கள், நாம் ஏன் செய்யவில்லை என்ற ரோஷம். ரோஷத்தில் நல்ல காரியமும் நடக்கும். சங்கம் தொடங்கிய அடுத்த வருடமே சாமுவேல் பாக்கியநாதனை டோர்னக்கலுக்கு அனுப்பினார்கள், நிஜாம் சீமை, தெலுங்கு நாடு. பனங்காட்டுச் சனங்களின் காசில்.

திருநெல்வேலியிலிருந்து பிலாஸ்பூருக்கு வாரம் ஒரு ரயில் இருக்கிறது. நான் போகப்போவது அதில்தான். விஜயவாடா தாண்டி வாரங்கல் போகும் வழியில் அது டோர்னக்கல் ஸ்டேஷனைக் கடந்துதான் போகும். ஜன்னலோரச் சீட்டு கிடைத்தால் பார்ப்பேன்.

எங்கள் ஆச்சி வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் இருந்தது. உலை வைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துக் கலயத்தில் போடுவாள். தனியாக எடுப்பதில்லை, பொங்கப்போகிற அரிசியிலிருந்துதான். அன்றைக்கு வீட்டில் ஒருவருக்கு ஒரு வாய் குறையும். சனிக்கிழமை சங்கத்து அம்மாமார் வந்து வாங்கிப்போய் எல்லா வீட்டு அரிசியையும் ஒன்றாகக் கொட்டி ஏலம் போடுவார்கள். எங்கள் தாத்தா ஒரு தடவை வீம்புக்கு ஏலம் எடுத்துவிட்டார். புழுங்கலும் பச்சையும் சம்பாவும் ரேஷனும் கலந்த அரிசி. வேக வைத்தால் ஒன்று குழையும், ஒன்று விதைவிதையாய் நிற்கும். அந்தச் சோற்றைத் தின்று முடிப்பதற்குள் ஒரு வாரம் ஆயிற்றாம். "சபைன்னா அப்படித்தான் இருக்கும், மென்னு தின்னு" என்பாளாம் ஆச்சி.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. மிசோரமில் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இலிருந்து இதையே செய்கிறார்கள், சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி. அவர்கள் இன்னும் விடவில்லை. அந்த அரிசி இன்றைக்குக் கோடிக்கணக்கில் பணமாகி மிஷனெரிகளைத் தாங்குகிறது. நம் வீடுகளில் கலயம் எப்போது காணாமல் போனது என்று அம்மாவிடம் கேட்டேன். கேஸ் அடுப்பு வந்தபோதா, குக்கர் வந்தபோதா, சரியாக ஞாபகம் இல்லை என்றார்கள். ஒருநாள் வாங்க யாரும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கலயத்தில் வண்டு விழுந்துவிட்டது.

இப்போது மும்பை அண்ணாச்சி விஷயம். அவர் நல்ல மனுஷர். கோயில் மணிக்கூண்டுக்குக் கொடுத்தார், ஞாயிறு பள்ளிக்கு மின்விசிறி கொடுத்தார். மின்விசிறியில் அவர் பெயர் சுற்றுவதை நாங்கள் பிள்ளைகளாக எண்ணிப் பார்த்திருக்கிறோம். எனக்கு 96,000 ரூபாயும் ஒரே செக்காகத் தருகிறேன் என்றதற்கு உள்ளபடியே நன்றி சொல்கிறேன். ஆனால் கூடவே இரண்டு காரியம் கேட்டார். ஒன்று, அசனப் பண்டிகை நோட்டீசில் அவர் படத்தோடு "மிஷனெரியைத் தாங்குபவர்" என்று போட வேண்டும். அது கமிட்டியின் பாடு. சபைத் தேர்தல் வருகிற வருடம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, மாதாமாதம் நோயாளிகளோடு நான் இருக்கும் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், குரூப்பில் போட.

இரண்டாவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்பூனில் சாப்பிட வெட்கப்பட்டுப் பந்திக்கே போகாத அந்த மனுஷன் மாதிரி ஒருவர் முகத்தைப் பிடித்து நம் ஊர் குரூப்பில் போட எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அவர் வீட்டில் பொண்ணு கட்டப் போகிற பையன் அந்த வீடியோவைப் பார்த்தால் என்ன ஆகும்? மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன். யார் பெயரும் யார் முகமும் இல்லாமல், நான் என்ன வேலை பார்த்தேன், எதில் தோற்றேன், எவ்வளவு செலவு ஆயிற்று என்று எழுதுவேன். அது போதும் என்று நினைக்கிறேன்.

நிபந்தனையே இல்லாமல் கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பாரத்தை நிபந்தனை மேல் போட்டுத் தப்பிக்க வேண்டாம். ஒரே ஆள் கொடுத்தால் நான் அவர் அனுப்பிய ஆள். இடையில் அவருக்குத் தொழில் நொடித்தால் நான் மெஸ்ஸுக்குக் கடன் சொல்ல வேண்டும். அதைவிட, இந்த ஊரில் வேறு யாருக்கும் என்னைப் பற்றிக் கேட்க ஒன்றும் இருக்காது. மாதம் ஐம்பது ரூபாய் போட்ட பெத்தம்மா, தண்ணீர்க் குழாயடியில் எங்கள் அம்மாவை நிறுத்தி, "ஒம் மவ அங்க என்னதான் பண்ணுதா?" என்று அதட்டிக் கேட்பாள். அந்தக் கேள்வி எனக்கு வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்த அறையில் தனியாகப் படுத்திருக்கும்போது, திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றும்போது, அந்தக் குரல்தான் பிடித்து நிறுத்தும். செக்குக்குக் குரல் கிடையாது.

பவுல் கொரிந்து பட்டணத்தில் பணக்காரர் இருந்தும் அவர்களிடம் வாங்கவில்லை. அவருடைய குறைவை மக்கெதோனியாக்காரர்தான் நிறைவாக்கினார்கள், அவர்களோ ஏழைகள். இதை நம் வேதபாட வகுப்பில் நூறு தடவை படித்திருக்கிறோம். காரணம் என்னவாக இருக்கும் என்று நான் அப்போது கேட்டதில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "எத்தனை ஆத்துமா ஆதாயம் பண்ணுவே?" என்று கேட்டார்கள். நான் கைவிரல் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்கப் போகிறேன். அதற்கு ஒரு கருவி உண்டு. வார்டில் பிரசங்கம் கிடையாது, அங்கே வருகிறவர்கள் எல்லா மதத்தாரும். என் விசுவாசம் என்னை அங்கே அனுப்புகிறது. அதை அங்கே கடை விரிக்க எடுத்துப் போகவில்லை. ஆண்டவர் தொழுநோயாளி ஒருவரைக் குணமாக்குவதற்கு முன்னால் கையை நீட்டித் தொட்டார் என்று மாற்கு எழுதுகிறார். தொட்டதே எனக்குப் போதுமான வேலை.

"ஒரு வருஷத்தில் என்ன பண்ணிவிட முடியும்?" ஒரு கைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு மாதம், மூன்று மாதம். ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேரைப் பார்க்கலாம். பெருக்கிப் பாருங்கள், பெரிய எண் வராது. வருகிறவர்கள் பாதியில் வீட்டுக்குப் போய்விடுவதும் உண்டு, அறுவடைக் காலம் என்றால் கேட்கவே வேண்டாம். பெரிய எண்ணைக் காட்டி உங்களிடம் காசு வாங்க எனக்கு இஷ்டமில்லை.

"பொம்பளப்பிள்ளை, கல்யாண வயசு." திரும்பி வரும்போது எனக்கு இருபத்தைந்து. பையன் வீட்டார் தொழுநோய் ஆஸ்பத்திரியில் இருந்தவள் என்று தயங்கினால், அது கல்யாணத்துக்கு முன்பே தெரிந்ததற்கு ஸ்தோத்திரம்.

"மிஷனெரி சங்கத்துக்குத்தான் உண்டியலில் போடுகிறோமே." போடுங்கள், குறைக்காதீர்கள். அதிலிருந்து எடுத்துத் தர வேண்டாம் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தேன். அந்தச் சங்கத்து மிஷனெரிகள் வாழ்நாள் முழுக்கப் போனவர்கள். நான் ஒரு வருடத்துக்காரி. அவர்கள் தட்டில் கை வைக்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஆகவே கமிட்டியிடம் நான் கேட்பது: அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்று, வருகிற ஞாயிறு இந்த மடலைச் சபையில் வாசிக்க வேண்டும். நீளம் என்றால் கணக்குப் பகுதியை மட்டுமாவது. பணம் என் பெயருக்கு வர வேண்டாம். பெண்கள் ஐக்கிய சங்கக் கணக்கில், பொருளாளர் அம்மாவும் இன்னொருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும். மெஸ் பணம் நேராக மருத்துவமனைக்கும், தவணை நேராக வங்கிக்கும் போகட்டும். கைச்செலவு மட்டும் எனக்கு. மாதக் கணக்கைக் கோயில் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வாசிக்கவே கூடாது. சங்கக் காணிக்கைப் பட்டியல் வாசிக்கும்போது சில வீட்டார் தலை குனிவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். கொடுக்க முடியாத வீடு இருந்தால் ஜெபித்துக்கொள்ளட்டும்; அதுவும் முடியாவிட்டால் வைது கொள்ளட்டும், மறக்காமல் இருந்தால் சரி. நான் பாதியில் திரும்பிவிட்டால் மீதிப் பணம் என்னுடையது இல்லை. வருடம் முடிந்து மிஞ்சினால் அடுத்துப் போகிற பிள்ளைக்கு. வாலிபர் ஐக்கியத்தில் ஒரு தம்பி லேப் டெக்னீஷியன் படிப்பை முடிக்கப் போகிறான். அவன் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

மும்பை அண்ணாச்சிக்கும் ஒரு வீடு இந்த ஊரில் இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது, ஆனாலும் சபைப் பட்டியலில் 160-இல் அதுவும் ஒன்று. அவருக்கும் மாதம் ஐம்பது. செக்கை வேறு எதற்காவது கொடுக்க விரும்பினால், நம் சபைப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்கு இரண்டு வருடமாகக் கதவு இல்லை.

ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்னால்தான் போட முடியும். ஜூன் கடைசியில் புறப்பட வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் சபை என்ன சொல்கிறது என்று தெரிந்தால் போட்டுவிடுவேன். சபை வேண்டாம் என்று சொன்னால், அதையும் கமிட்டி சொல்லாமல் சபையே சொல்லட்டும்.

வாலிபர் ஐக்கியத்தார் வீடு வீடாகக் கொடுக்கப் பழைய டப்பாக்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், பூஸ்ட் டப்பா, பவுடர் டப்பா, எதுவானாலும். நூற்றுப் பத்து தேறியிருக்கிறது. வீட்டில் சும்மா கிடந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டுப் போங்கள். கோயில்பிள்ளைத் தாத்தா யாரும் கேட்காமலே ஒன்றை எடுத்துப்போய் மூடியில் அரிவாளால் ஓட்டை போட்டுவிட்டார். ஓட்டை ரொம்பப் பெரிசாகிவிட்டது. "நல்லதுதான், நோட்டை மடிக்காம போடலாம்" என்கிறார்.

கிறிஸ்துவில் உங்கள் பிள்ளை,
கிழக்குத் தெரு.